எல்லைக் கல்லுக்கு அப்பால் ஒரு சறுக்குமலை

1

தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் நின்று அலுமாரிக் கதவுகளுக்குப் பிணைச்சல் பூட்டுகிறவன் டீட்டர். பீலெஃபெல்டிலேயே பிறந்து வளர்ந்தவன். போன மாதம் ஒரு கிழமை விடுமுறையில் போய், கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாகவும் மிச்ச முகம் சிவந்தும் திரும்பி வந்தான். இன்று படங்கள் கழுவி வந்திருந்தன. தேநீர் இடைவேளையில் அவற்றை மேசையில் பரப்பினான்.

"அல்ப்ஸ் மலைக்குப் போய் வரிசையில் நிற்க எனக்கென்ன பைத்தியமா? ஒருவருக்கும் தெரியாத மலை ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். ஆளில்லை, சத்தமில்லை. நாள் முழுக்கச் சறுக்கலாம்."

நாலாவது படத்தில் அவன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் சறுக்குப் பலகைகள் இரண்டும் பனியில் குத்தி நின்றன. முழங்கால் உயரக் கல். இரண்டு பக்கமும் எழுத்து வெட்டியிருந்தது. கிட்டப் பார்க்கக் குனிந்ததில் என் தேநீர் படத்தின் ஓரத்தில் சிந்திவிட்டது.

"என்ன, உனக்கு அந்த இடம் தெரியுமா?" என்றான்.

"தெரியும். ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தேன்."

"ஒன்றரை வருடம் பனிச்சறுக்கு விடுமுறையா!" என்று மேசையில் தட்டிச் சிரித்தான். "அப்படியென்றால் நான்தான் பிழையான வேலையில் இருக்கிறேன்."

அவனுக்கு விளங்கப்படுத்துகிற அளவுக்கு என்னிடம் ஜேர்மன் மொழி இல்லை. நான் படங்களைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் பிணைச்சலைப் பூட்டத் தொடங்கினேன். ஆனால் அந்தக் கல் பின்னேரம் வரை கண்ணுக்கு முன்னால் நின்றது. டீட்டருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நாங்கள் மூன்று பேர். நான் யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவன். மனைவி சறோ பதினொரு வருடம் ஆஸ்பத்திரியில் தாதி. மகள் தர்சினிக்கு அப்போது ஏழு வயது. 1985 ஐப்பசியில் கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்கே வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்து, கடைசியில் ரோன் மலைப்பகுதியில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பப்பட்டோம். அங்கே ஃபிரௌ கிறென்சர் என்ற ஐம்பது வயதுக்காரி ஒரு விடுதி நடத்தினாள். ஜேர்மன் மொழியில் திருமதிக்கு ஃபிரௌ, திருவுக்கு ஹெர் என்பார்கள். பனி விழுகிற சில கிழமைகளுக்கு மட்டும் அவளுக்கு விருந்தாளிகள் வருவார்கள். மற்றக் காலத்தில் வெறுமையாகக் கிடக்கிற மேல்மாடியை அகதிகளுக்கென்று நிர்வாகத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தாள்.

மார்கழியில் பனி விழத் தொடங்கியதும் கார்கள் வந்தன. கூரைகளில் பலகைகள் கட்டியிருந்தன. பிராங்பேர்ட்டிலிருந்தும் காசலிலிருந்தும் ஆட்கள், பிள்ளைகுட்டிகளோடு. நாங்கள் மேல்மாடி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கு மூக்கை வெளியே நீட்டவே பயமாக இருந்த குளிருக்குள், சிரித்துக்கொண்டு இறங்கி ஓடினார்கள். விழுவதற்கென்றே மலையேறி, விழுந்து, எழும்பி, மறுபடியும் ஏறினார்கள்.

ஒருநாள் மத்தியானம் விடுதி வாசலில் ஆரவாரம். பல் வைத்தியரிடம் வேலை செய்கிற ஒரு பெண்ணை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவுக்குப் போட்ட புதுப் பத்து, மாவுக்கட்டு. அவள் அழவில்லை. சாப்பாட்டு அறையில் காலை நீட்டி வைத்துவிட்டு வைன் கேட்டாள். மற்றவர்கள் சுற்றி நின்று அந்த வெள்ளைப் பத்தின் மேல் பூவும் பொம்மையும் வரைந்து கையெழுத்துப் போட்டார்கள்.

சறோ படியில் நின்று அதைப் பார்த்தாள். அவள் கடைசியாக வேலை செய்த மாதங்களில் ஆஸ்பத்திரிக்கு வந்த கால்கள் வேறு மாதிரியானவை. கதவைக் கழற்றி அதில் கிடத்திக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்தவர்கள் பெயர் சொல்லாமல் போய்விடுவார்கள்.

"இதுகளுக்கு விசரோ அப்பா?" என்று என்னைக் கேட்டாள், அறைக்குள் வந்து. "கால் முறிக்கிறதுக்கோ லீவெடுத்துக்கொண்டு வந்ததுகள்?"



எங்களுக்கென்று ஒரு கடதாசி இருந்தது. இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அதைத் தந்தவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்க்கிற ஹெர் வீகன்ட். ஒல்லியான மனிதர். பேனையை எழுதி முடித்ததும் மூடி, மூடியதை ஒருமுறை பார்த்து, மேசையில் நேராக வைப்பார். சிரித்து நான் கண்டதில்லை. சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்து எங்கள் ஊரைக் காட்டினார். பிறகு விரலை மலைமுகட்டுக் கோட்டுக்கு நகர்த்தி, "இதுவரைக்கும்" என்றார். வரைபடம் எனக்குப் பழக்கமான பொருள். பார்த்த உடனே விளங்கிவிட்டது. அந்தக் கோட்டோடு மாவட்டம் மட்டுமல்ல, மாநிலமே முடிகிறது. முகட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் விடுதியும் ஒரு புல்வெளியும். அந்தப் பக்கம் சறுக்குமலையும் ஆட்களை மேலே கொண்டுபோகிற இழுவைக் கம்பியும். விருந்தாளிகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தாண்டுகிற கோட்டை நாங்கள் ஒரு தடவையும் தாண்டக்கூடாது. கோட்டின் மேல் அந்தக் கல் நின்றது.

3

இரண்டாவது மாரிக்குள் தர்சினி ஆளே மாறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஒரு சோடி பழைய சறுக்குப் பலகைகளை அவளுக்குக் கொடுத்திருந்தா. எங்கள் பக்கத்துப் புல்வெளியில் மற்றப் பிள்ளைகளோடு விழுந்து விழுந்து பழகி, பிறகு விழாமலே போகத் தொடங்கினாள். ஜேர்மன் மொழியை அந்த ஊர்க்காரர் இழுக்கிற மாதிரியே இழுத்துப் பேசினாள். கடைக்கு, டொக்டரிடம், அலுவலகத்துக்கு, எங்கே போனாலும் அவள்தான் எங்கள் வாய். எட்டு வயதுப் பிள்ளை தகப்பனின் வயிற்றுப்போக்கைப் பற்றி டொக்டருக்கு விளக்குவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கார்த்திகையில் நாங்கள் ஒரு அன்ட்ராக் கொடுத்தோம். பீலெஃபெல்டுக்கு மாற்றிவிடச் சொல்லி விண்ணப்பம். சறோவின் தங்கை வசந்தி அங்கே இருந்தாள். வயிற்றில் பிள்ளை. ஊரில் அவளுக்கு முதற்பிள்ளை பிறக்கும்போது வீதியெல்லாம் அடைத்திருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. சறோ அன்று வேலையில் இருந்தாள். வீட்டுக்கு வர ஏலவில்லை. பிள்ளை தங்கவில்லை. வசந்தி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் கடிதத்தில் எழுதியிருந்தாள்: "அக்கா, இந்த முறை நீ பக்கத்தில நில்."

ஹெர் வீகன்ட் விண்ணப்பத்தை இரண்டு தடவை வாசித்தார். "உங்கள் கோப்பு சுத்தமாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும். ஒரு சின்னக் குற்றம் பதிந்தாலும் மற்ற மாநிலம் உங்களை ஏற்காது."

தர்சினி அதை மொழிபெயர்த்தாள். அன்றிலிருந்து அந்தக் கல்லுக்குப் பத்தடி தள்ளியே நான் திரும்பிவிடுவேன்.

4

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நல்ல வெயிலாக விடிந்து, பதினொரு மணியளவில் மூடுபனி கீழே இருந்து ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் முகட்டில் நின்றோம். தர்சினி பலகைகளில். நான் அவளைக் கூப்பிட்டுத் திரும்பச் சொன்ன நேரத்தில் கல்லுக்கு அந்தப் பக்கம், மரங்களுக்குள்ளே ஒரு சத்தம் கேட்டது. முதலில் மரம் முறிகிற மாதிரி. பிறகு ஒரு மனிதக் குரல். ஒரே ஒருமுறை.

சறோ நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"சறோ, நில்லும்! கல்லுக்கு அங்கால போகாதையும். ஆரும் வருவினம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஓராளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டு கல்லைத் தாண்டிப் பனிக்குள் மறைந்தாள். தர்சினியும் பலகையோடு பின்னால் போனாள். கல்லுக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரை நிமிடம் இருக்கலாம். அந்த அரை நிமிடத்தை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

"அப்பா! வாங்கோ!" என்று சறோ கத்தினாள். போனேன்.

ஒரு மரத்தின் அடியில் நீலச் சறுக்கு உடுப்போடு ஒரு ஆண் கிடந்தார். விழுந்த வேகத்தில் அவருடைய பலகையின் இரும்பு விளிம்பே உள்தொடையைக் கிழித்திருந்தது. அவ்வளவு சிவப்பை அவ்வளவு வெள்ளைக்கு மேல் நான் கண்டதில்லை. பனி உருகி ஆவி எழும்பியது. சறோ முழந்தாளில் இருந்து, கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தன்னுடைய கழுத்துச் சால்வையைப் பந்தாகச் சுருட்டிக் காயத்துக்குள் வைத்து, இரண்டு கையாலும் உடம்புப் பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினாள்.

"தர்சினி, கீழ இழுவைக் கம்பிக்காரரிட்டைப் போ. ரத்தம் நிக்குதில்லை, உடனே வரட்டாம் எண்டு சொல்லு. விழாமப் போ பிள்ளை."

தர்சினி ஒரு சொல் கேட்கவில்லை. குந்தி, தடிகளை ஊன்றி, அந்தப் பனிப்புகாருக்குள் கீழே பாய்ந்தாள். அவள் அவ்வளவு வேகமாகப் போவாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. 

"நீங்கள் ஆளோட கதையுங்கோ. நித்திரையாக விடாதேங்கோ" என்றாள் சறோ.

நான் அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்து, தொப்பியையும் பெரிய கண்ணாடியையும் கழற்றினேன். ஹெர் வீகன்ட்.

பேனையை மூடி நேராக வைக்கிற மனிதரின் உதடு நீலமாக இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு சறோவைப் பார்த்தார். அவருக்கு எங்களைத் தெரிந்துவிட்டது. அவர் சொன்ன சொற்கள் எனக்கு விளங்குகிற அளவு எளிமையானவை.

"நீங்கள்... இங்கே... நிற்கக் கூடாதே."

சறோ என்ன சொல்லுகிறார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கையை எடுக்காமலே, "அவரை வாயை மூடச் சொல்லுங்கோ" என்றாள்.

அரைமணி நேரத்துக்குமேல் அவள் அசையவில்லை. மலைமீட்புக்காரர் சறுக்கு வண்டியோடு வந்தபோது அவளுடைய விரல்களை மடக்க முடியவில்லை. அவர்களில் ஒருவன் காயத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்து, "அழுத்தாமல் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் போயிருப்பார்" என்றான். பிறகு ஒரு படிவத்தை எடுத்தான். பெயர் என்ன, முகவரி என்ன. தர்சினி மூச்சுவாங்கிக்கொண்டே எங்கள் நீளமான பெயர்களை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள்.

5

நன்றி சொல்லி ஏதாவது வரும் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். எங்களுடைய அன்ட்ராக் அவருடைய மேசையில்தானே கிடக்கிறது என்றும் நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் நினைத்தது உண்மை.

பத்து நாள் கழித்து மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்தது. ஃபிரௌ கிறென்சர் குசினியில் நின்று அதை வாசித்தாள். வாசித்து முடிய முதலே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். மாவட்ட எல்லையை அனுமதியின்றிக் கடந்ததாகச் சந்தேகம். மூன்று பேரும். விசாரணைக்கு வரவேண்டும்.

"ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றினதுக்கா?" என்று அவள் எங்களைக் கேட்டாள், நாங்கள்தான் அந்தக் கடிதத்தை எழுதின மாதிரி.

மீட்புக்காரரின் படிவம் பொலிசுக்குப் போய், பொலிசிலிருந்து அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. யாரும் எங்களுக்குத் தீங்கு நினைக்கவில்லை. கடதாசி தன் வழியில் போயிருக்கிறது.

அடுத்த நாள் ஹெர் வீகன்ட்டைப் பார்க்க நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அது எங்கள் மாவட்டத்துக்குள் இருந்தது. அவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்து சறோவின் கையைப் பிடித்தார். கண் கலங்கியது.  பிறகு மெதுவாக, அலுவலகக் குரலில், ஏதோ நீளமாகச் சொன்னார். தர்சினி நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னடி சொல்லுறார்?"

"உங்கட ஃபைலை இனி அவர் தொட ஏலாதாம் அம்மா. அவரைப்... அவரைப் பிடிச்சிட்டாங்களாம்."

சறோவுக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்கும்தான். எங்கள் ஊரில் ஒருவரைப் பிடித்துவிட்டார்கள் என்றால் அதற்கு ஒரு அர்த்தம்தான். வாசலில் பொலிஸ் நிற்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். எங்களால் இந்த மனிதருக்கு வேலையும் போய், சிறையும் வந்துவிட்டது என்று வழி முழுக்கச் சறோ புலம்பினாள்.

விடுதிக்கு வந்து ஃபிரௌ கிறென்சரிடம் கேட்டபோதுதான் விசயம் தெரிந்தது. அவர் சொன்னது 'பெஃபாங்கன்'. பிள்ளைக்குக் கேட்டது 'கெஃபாங்கன்'. இரண்டாவது சொல்லுக்குப் பிடிபட்டவர் என்று அர்த்தம். முதலாவது, ஒருவரோடு சொந்தத் தொடர்பு ஏற்பட்டுவிட்டதால் அவருடைய விசயத்தில் நடுநிலையாக முடிவெடுக்க முடியாதவர். சறோ அவருடைய உயிரைக் காப்பாற்றிவிட்டாள். ஆகவே அவளுடைய கோப்பை அவர் கையால் தொடக்கூடாது. அவராகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். கோப்பு, அன்ட்ராக் எல்லாம் ஃபிரௌ லின்ட்னர் என்ற புது அதிகாரியிடம் போய்விட்டது.

"அப்ப நாங்கள் அவரைக் காப்பாத்தாம விட்டிருந்தா எங்கட பேப்பர் ஒழுங்கா நடந்திருக்கும்?" என்று கேட்டாள் சறோ.

ஃபிரௌ கிறென்சருக்குத் தர்சினி அதை மொழிபெயர்த்தாள். அவள் உருளைக்கிழங்கை உரிக்கத் தொடங்கினாள்.

6

விசாரணை நாளிலும் பனி கொட்டியது. பிராங்பேர்ட்டிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வழியில் அகப்பட்டுவிட்டார். ஃபிரௌ லின்ட்னர் தர்சினியைப் பார்த்து, "நீ செய்வாயா?" என்று கேட்டா. அவள் தலையாட்டினாள்.

வெளியே நாங்கள் வழக்கமாகக் காத்திருக்கிற வாங்கில், கையில் இலக்கத்துண்டோடு, இரண்டு ஊன்றுதடிகளைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு ஹெர் வீகன்ட் உட்கார்ந்திருந்தார். சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். தன் சொந்த அலுவலகத்தில் அவர் அந்த வாங்கில் இருந்ததை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கண்டிருப்பார்கள். போகிற வருகிற எழுதுவினைஞர்கள் வணக்கம் சொல்வதா விடுவதா என்று தெரியாமல் விழித்தார்கள். பிறகு எங்களோடு அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஏன் மாவட்டத்தை விட்டுப் போனீர்கள்?" என்பது சறோவிடம் முதற் கேள்வி.

"ரத்தம் அந்தப் பக்கத்தில இருந்தது" என்றாள் சறோ.

ஃபிரௌ லின்ட்னர் தட்டச்சில் கை வைத்தபடி கொஞ்சம் யோசித்தா. "மீட்புக்காரரின் அறிக்கையில் 'எல்லைக் கல்லருகே' என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று இல்லை. அது முக்கியம்." ஹெர் வீகன்ட் பக்கம் திரும்பினா. "நீங்கள் எங்கே விழுந்து கிடந்தீர்கள்?"

அவர் ஊன்றுதடியை இறுகப் பிடித்தார். "கல்லுக்கு இந்தப் பக்கம்" என்றார். "எங்கள் மாவட்டத்துக்குள்."

எனக்கு அது மொழிபெயர்க்காமலே விளங்கியது.  சட்டம் பிசகாமல் நடக்கிற அந்த மனிதர் எங்களுக்காகப் பொய் சொல்லுகிறார். நான் சறோவைப் பார்த்தேன். அவளுக்கும் விளங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து நிலத்தைப் பார்த்தோம்.

தர்சினி மொழிபெயர்க்கவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்து, தெளிவான ஜேர்மனில் சொன்னாள்:

"அது சரியில்லை. நீங்கள் கல்லுக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தீர்கள். நான் கண்டேன்."

 ஹெர் வீகன்ட்டின் முகம் காதுவரை சிவந்தது. சறோவின் கை என்னுடைய முழங்கையைப் பிடித்து நெரித்தது. வசந்தியின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. எல்லாம் முடிந்தது, நம்முடைய பிள்ளையின் வாயாலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

ஃபிரௌ லின்ட்னர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டா.

"கேள்வி சாட்சியிடம் கேட்கப்பட்டது" என்றா. "மொழிபெயர்ப்பவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை."

டக் டக் என்று தட்டச்சு செய்தா. தாளை இழுத்து எடுத்து, கையெழுத்துப் போட நீட்டினா. நாங்கள் போட்டோம். பேனை வழுக்கியது.

இதை எழுதும்போது இன்னொரு நாள் ஞாபகம் வருகிறது. 84-ல், நாங்கள் கொழும்புக்குப் போகிற வழியில் பஸ்ஸை மறித்து ஏறின ஒரு ஆமிக்காரன் தர்சினியின் கன்னத்தைத் தட்டி, "மாமா எங்கே?" என்று கேட்டான். அவளுக்கு ஆறு வயது. நாங்கள் வீட்டில் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்த பொய்யின்படியே, கண்ணை இமைக்காமல், "மாமா கொழும்பில படிக்கிறார்" என்றாள். அன்று அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினோம். கெட்டிக்காரி என்று சொக்லேட் வாங்கிக் கொடுத்தோம். அதே பிள்ளைதான் இது. மூன்று வருடத்துக்குள் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உண்மையைச் சொன்னால் ஒன்றும் நடக்காது என்று நம்பப் பழகிவிட்டாள். அதை நினைத்துச் சந்தோசப்படுவதா, எங்கள் கையை விட்டுப் போய்விட்டாள் என்று பயப்படுவதா என்று எனக்கு அன்று தெரியவில்லை. இன்றும் முழுதாகத் தெரியாது.

படியில் ஹெர் வீகன்ட் எங்களுக்காக நின்றார். தர்சினியின் உயரத்துக்குக் குனிய அவருடைய கால் விடவில்லை. நின்றபடியே சொன்னார்:

"நீ கண்டதுதான் சரி."

"அப்ப ஏன் பொய் சொன்னீர்கள்?"

அவர் யோசித்தார். எங்களுடைய கோப்பில் எழுத முன்னம் யோசிப்பதைப் போலவே யோசித்தார். "உண்மையைச் சொன்னால் அவர்கள் முடிவெடுக்க ஒரு வருடம் எடுக்கும். உன் சித்திக்கு அவ்வளவு நேரம் இல்லை."

 தர்சினி பஸ்ஸில் எங்களிடம் சொன்னாள், யன்னலைப் பார்த்துக்கொண்டு.

"இனி நான் உங்களோட ஒரு கந்தோர் அலுவலுக்கும் வரமாட்டன். பெரியாக்களின்ர கதையை நான் சொல்ல ஏலாது. நீங்களே படிச்சுக் கதையுங்கோ."

பிள்ளைக் கோபம், இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. கடைக்கு வருவாள், கடைக்காரன் எங்களிடம் கேட்டால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். டொக்டரிடம் வரவே மாட்டாள். சறோ ஒரு கிழமை அழுதாள். பிறகு தர்சினியின் முதலாம் வகுப்பு வாசிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஃபிரௌ கிறென்சரின் குசினிக்குள் போனாள். கிழங்கு உரிக்க, பாத்திரம் துடைக்க, ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் கேட்டாள். நான் சோம்பேறி. எனக்கு எப்போதும் யாராவது சொல்லித் தருவார்கள் என்றே இருந்தேன்.

7

சித்திரையில் கடிதம் வந்தது. குற்றம் எதுவும் பதியப்படவில்லை. பீலெஃபெல்டுக்குப் போகலாம். கீழே ஃபிரௌ லின்ட்னரின் கையெழுத்து. எங்களை வழியனுப்ப ஃபிரௌ கிறென்சர் மட்டும் வந்தாள். ஹெர் வீகன்ட் வரவில்லை. எங்கள் அலுவல் முடிந்துவிட்டதால் இனி வரலாம்தானே என்று சறோ சொன்னாள். ஆனால் வரவில்லை.

வைகாசி கடைசியில் ஒரு காலை, ஒன்பது மணிக்கு வசந்திக்கு நோவு கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். வசந்தியின் புருசன் குகனுக்கும் ஜேர்மன் மொழி என்னளவுதான். பிரசவ அறைக்குள் அவளைக் கொண்டுபோனதும் கதவு மூடியது. உள்ளே வசந்தி "அக்கா!" என்று கூப்பிடுகிற சத்தம் வெளியே கேட்டது. சறோ கதவைத் தட்டினாள். மருத்துவிச்சி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பெரிய உடம்புக்காரி, அவசரத்தில் இருந்தாள்.

"யார் நீங்கள்? இங்கே எல்லோரும் வர முடியாது."

நான் பழக்கதோசத்தில் தர்சினியைப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

"இஹ் பின் ஷ்வெஸ்டர்" என்றாள் சறோ. நான் ஷ்வெஸ்டர்.

ஜேர்மன் மொழியில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஷ்வெஸ்டர் என்றுதான் பெயர். தாதிக்கும் அதுதான் பெயர், எங்கள் ஆஸ்பத்திரிகளில் 'சிஸ்டர்' என்பதைப் போல. மருத்துவிச்சி எதை விளங்கிக்கொண்டாளோ தெரியாது. கதவை அகலத் திறந்து, பச்சை அங்கிகள் தொங்குகிற இடத்தையும் கைகழுவுகிற தொட்டியையும் காட்டினாள். சறோ போய் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். ஒன்றரை வருடமாக மேல்மாடி அறையில் கைகட்டி இருந்த பெண்ணின் முதுகு, தொட்டிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது. பிறகு கதவு மூடியது.

எனக்குத் தர்சினியைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஓடிப்போய்த் திருத்துவாளோ என்று நினைத்தேன். அவள் மூடின கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அம்மா சொன்னது சரிதான்" என்றாள். "ரெண்டும் சரி."

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. குகன் எழும்பி நின்று, உடனே திரும்பவும் இருந்துவிட்டான். கதவு திறந்து சறோ வந்தாள். அங்கி முன்பக்கம் நனைந்திருந்தது. முகம் முழுக்க வேர்வை. எங்களைப் பார்த்து அவசரமாக ஜேர்மனில் ஏதோ சொல்லிவிட்டு, தமிழில் சொல்லவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், மறுபடி உள்ளே போய்விட்டாள்.

குகனும் நானும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தோம்.

தர்சினி என்னுடைய கையைப் பிடித்து இழுத்தாள். அந்த விசாரணை நாளுக்குப் பிறகு அவள் எனக்காக மொழிபெயர்த்தது அன்றுதான்.

"பெடியனாம் அப்பா. சித்தி சுகமா இருக்கிறாவாம். நல்ல சத்தமா அழுறானாம், அதால பயப்பிட வேண்டாமாம்."